கறிவேப்பிலையைத் தின்றது யார்?

ரசத்துக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு வாங்கலாம் என்று எங்கள் புளோக்கின் சமூகத் தோட்டத்துக்குப் போனேன். செடியில் பாதி மொட்டை! மிச்சமிருந்த இலையில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கை நீட்டினேன்.

"இரும்மா, அது புழு" என்று தடுத்தார் தொண்டூழியர் ஆன்ட்டி.

'கறிவேப்பிலை அழகி' என்ற வண்ணத்துப்பூச்சியின் குட்டிப்புழுவாம். பறவைகளை ஏமாற்றத்தான் அந்த எச்ச வேடம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும்.

பூச்செடி வைத்தால் போதும், வண்ணத்துப்பூச்சி வரும் என்றே நினைத்திருந்தேன். பூவுக்கு வருவது தேன் குடிக்க மட்டும். முட்டையிட, அதன் புழு தின்னும் செடி வேண்டும். கறிவேப்பிலை அழகிக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சை. வெந்தய வரியனுக்கு எருக்கு.

"செடி அசிங்கமாக இருக்கிறது, மருந்து அடியுங்கள்" என்று அக்கம்பக்கத்தில் புகார். ஆன்ட்டி மருந்தைத் தொடவில்லை. இன்னொரு கறிவேப்பிலைச் செடி நட்டார். ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. சமையல் செடியில் புழு வந்தால் கையாலேயே எடுத்து மற்றதில் விடுகிறார்.

தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய திட்டத்தில் இன்று சிங்கப்பூரெங்கும் 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் புழுவுக்கென்று ஒரு செடி இருந்தால்?

உங்கள் வீவக வாசலிலும் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறதா? மருந்து அடிக்குமுன் இலையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அன்று எங்கள் வீட்டு ரசத்தில் கறிவேப்பிலை இல்லை. பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது!