அழுகிறவளுக்கு யார் அஞ்ச வேண்டும்?

பேய்ப்படங்களை இலக்கிய வாசகர்கள் பெரிதாக மதிப்பதில்லை. கதவு தானாகத் திறப்பதையும், திடீரென்று உரத்து எழும் இசையையும் பார்த்துச் சலித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அநீதிக்கு ஆளாகி இறந்த பெண் ஆவியாகத் திரும்பி வருகிறாள் என்னும் கரு அத்தனை எளிதில் ஒதுக்கத் தக்கதல்ல. நீதிமன்றமும் வரலாற்று ஏடும் கைவிட்டவர்களைக் கதை ஏந்திக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று. உண்மையில் நிகழ்ந்த கொடுமையிலிருந்து அந்தக் கரு எடுக்கப்படும்போது படைப்பாளியின் பொறுப்பு பல மடங்காகிறது. அத்தகைய படங்களை மதிப்பிட ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: படத்தில் நிறைந்திருக்கும் அச்சம் யாருடைய அச்சம்?

2019ஆம் ஆண்டு ஒரே நாட்டார் கதையை வைத்து இரண்டு படங்கள் வெளிவந்தன. மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பிள்ளைகளை அடக்கி வைக்கச் சொல்லப்படும் கதை அது. காதலனால் கைவிடப்பட்ட ஒருத்தி ஆத்திரத்தில் தன் குழந்தைகளை ஆற்றில் மூழ்கடித்துக் கொல்கிறாள். அன்றுமுதல் நீர்நிலைகளின் ஓரம் அழுதபடி அலைகிறாள். அகப்படும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறாள். அவளுக்கு 'லா யொரோனா' என்று பெயர். அழுகிறவள் என்று பொருள்.

இக்கதைக்குப் பழைய வேர் ஒன்று உண்டு என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தெ சஹாகுன் என்ற பாதிரியார் நாவா அறிஞர்களின் துணையுடன் தொகுத்த பெருநூலில், ஸ்பானியர் வருகைக்கு முன் தோன்றிய தீக்குறிகள் சொல்லப்பட்டுள்ளன. அவற்றுள் ஆறாவது, இரவில் அழுதுகொண்டு செல்லும் பெண். வரப்போகும் அழிவிலிருந்து தன் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அவள் புலம்புகிறாள். பிள்ளைகளுக்காக அழுதவள் பிற்காலக் கதையில் பிள்ளைகளைக் கொன்றவளாகிவிட்டாள். இவ்விருவருக்கும் உறவு உண்டெனில், அழிக்கப்பட்டவர்களின் மீதே அழிவின் பழியைச் சுமத்தியது அந்த மாற்றம்.

அவ்வாண்டில் வந்த முதல் படம் ஹாலிவுட்டில் மைக்கேல் சாவெஸ் இயக்கிய 'தி கர்ஸ் ஆஃப் லா யொரோனா'. 1973ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இரண்டு குழந்தைகளின் தாயான சமூகப்பணியாளர் ஒருவரின் வீட்டுக்குள் இந்த ஆவி நுழைகிறது. அதற்கு வெண்ணிற அங்கி உண்டு, கோரமான முகம் உண்டு, மனம் இல்லை. முன்னாள் பாதிரியார் ஒருவரின் துணையுடன் மரச்சிலுவையால் குத்தி அதை ஒழிக்கிறார்கள். வீடு பழைய அமைதிக்குத் திரும்புகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி பார்வையாளனைச் சற்றும் தொந்தரவு செய்வதில்லை.

இரண்டாவது படம் குவாத்தமாலாவின் ஹைரோ புஸ்தமாந்தே இயக்கிய 'லா யொரோனா'. இதில் ஆவியின் அழுகைக்கு ஊரும் ஆண்டும் இருக்கின்றன. அவற்றை அறியாமல் இப்படத்தைப் பேச இயலாது.

1982 மார்ச் மாதத்தில் எஃப்ராயின் ரியோஸ் மொந்த் என்ற தளபதி ஆட்சிக்கவிழ்ப்பின் மூலம் குவாத்தமாலாவின் அதிபரானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவரே கவிழ்க்கப்பட்டார். இடைப்பட்ட பதினேழு மாதங்களில் கெரில்லாக்களை ஒழிப்பதாகச் சொல்லி ராணுவம் மலைப்பகுதியின் மாயா இனத்தவரின் கிராமங்களை எரித்தது. நெபாஹ், சாஹுல், கோட்சால் ஆகிய ஊர்களைச் சுற்றி வாழும் இஷில் மக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். பெண்களின் மீதான வன்புணர்ச்சி இப்போரின் ஆயுதமாகவே இருந்தது. முப்பத்தாறு ஆண்டு உள்நாட்டுப் போரில் இறந்தும் காணாமலும் போனவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றும், அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதத்தினர் மாயா இனத்தவர் என்றும் 1999இல் உண்மை அறியும் ஆணையம் அறிவித்தது. எண்ணிக்கையில் மாயா மக்கள் சிறு கூட்டமல்லர். இன்றும் அந்நாட்டில் பத்தில் நால்வர் அவர்களே. அதிகாரத்தில்தான் அவர்கள் சிறுபான்மையினர்.

1,771 இஷில் மக்களின் கொலை தொடர்பாக 2013இல் ரியோஸ் மொந்த் மீது வழக்கு நடந்தது. இஷில் பெண்கள் சாட்சிக் கூண்டில் நின்று தங்களுக்கு நேர்ந்ததைத் தங்கள் மொழியில் சொன்னார்கள். மே 10 அன்று நீதிபதி யாஸ்மின் பாரியோஸ் தலைமையிலான அமர்வு எண்பதாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சரியாகப் பத்து நாட்களில், மே 20 அன்று, அரசியலமைப்பு நீதிமன்றம் நடைமுறைக் காரணங்களைச் சொல்லி அத்தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணை முடியுமுன், 2018 ஏப்ரல் 1 அன்று, அவர் இறந்துபோனார்.

புஸ்தமாந்தேயின் படத்தில் அவர் பெயர் என்ரிகே மோன்தெவெர்தே. தீர்ப்பு ரத்தாகிக் கிழவர் தன் மாளிகைக்குத் திரும்புகிறார். வெளியே காணாமல் போனவர்களின் படங்களை ஏந்திய கூட்டம் இரவும் பகலும் முழங்குகிறது. பணியாளர்கள் ஒருத்தியைத் தவிர எல்லோரும் வெளியேறிவிடுகிறார்கள். அப்போது வேலைக்கு வந்து சேர்கிறாள் ஆல்மா என்ற இளம் மாயாப் பெண். நீண்ட கூந்தல், அதிகம் பேசாத வாய். குழாய்கள் தாமாகத் திறந்து நீர் வழிகிறது. நீச்சல் குளத்தில் தவளைகள் பெருகுகின்றன. இரவில் அழுகுரல் கேட்டுத் துப்பாக்கியுடன் அலையும் தளபதி தன் மனைவியையே சுடப் பார்க்கிறார்.

இப்படத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது பேய் வருமுன் வரும் நீதிமன்றக் காட்சியை. மெல்லிய துணியால் முகம் மூடிய மூதாட்டி ஒருத்தி பேசுகிறாள். காமிரா அவளிடமிருந்து மிக மெதுவாகப் பின்வாங்குகிறது. அவையில் அமர்ந்திருப்பவர்களில் ஒருவராக, 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்தா மெஞ்சூ தாமாகவே தோன்றுகிறார். முதலில் சாட்சியம், பிறகுதான் ஆவி என்ற இந்த வரிசை முக்கியமானது. அந்தப் பெண்கள் வாயற்றவர்களாக இருந்ததால் பேய் வரவில்லை. அவர்கள் எல்லாவற்றையும் சொன்ன பிறகும் நாடு காதைப் பொத்திக்கொண்டதால் பேய் வருகிறது.

தளபதியின் மனைவி கார்மென்தான் படத்தின் உண்மையான களம். சாட்சி சொன்ன பெண்களை அவள் தொடக்கத்தில் விலைமாதர் என்கிறாள். பிறகு அவளுடைய கனவுகளில் அவளே சோளக்கொல்லையில் இரு பிள்ளைகளுடன் ஓடும் மாயாப் பெண்ணாகிறாள். குழந்தைகளை நீரில் அமிழ்த்தியவர்கள் சிப்பாய்கள் என்பதை அவள் அங்கே காண்கிறாள். நூற்றாண்டுகளாகத் தாயின் மீது கிடந்த கொலைப்பழி இந்த ஒரு காட்சியில் உரியவர்களிடம் போய்ச் சேர்கிறது. படத்தில் அஞ்சுபவர்கள் அஞ்ச வேண்டியவர்கள். நாம் அவர்களோடு ஒரே வீட்டில் அடைபட்டிருந்தும் அவர்கள் தப்பிக்க வேண்டும் என்று நினைப்பதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆல்மா ஏறக்குறைய ஊமை போலவே படம் முழுதும் நடமாடுகிறாள். அவளுடைய வலி, ஒடுக்கும் வர்க்கத்துச் சீமாட்டி ஒருத்தியின் மனசாட்சியை விழிக்கவைக்கும் கருவியாகிறது. தளபதியின் கழுத்தை நெரிப்பதும் கார்மெனின் கைகளே. மாயாப் பெண் தன் கதையிலேயே இரண்டாமிடத்துக்குப் போகிறாள் என்று சொன்னால் அதை முழுதாக மறுக்க என்னால் ஆகாது. ஆனாலும் கார்மெனின் கனவைப் படம் அவளுக்கு மன்னிப்பாக வழங்கவில்லை. அறிந்தும் அறியாதவளாக வாழ்ந்ததற்கான தண்டனையாகவே அது அவள்மீது இறங்குகிறது. இரக்கப்பட்டுவிட்டோம் என்ற நிம்மதியுடன் அவளும் எழுந்து போக முடியாது, நாமும் போக முடியாது.

இவ்விடத்தில் இன்னொரு தாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற கறுப்பினப் பெண் அடிமைத்தளையிலிருந்து தப்பி, உறைந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குக் குடும்பத்துடன் வந்தாள். பிடிக்க வந்தவர்கள் சூழ்ந்தபோது தன் சிறு மகளைக் கத்தியால் அறுத்துக் கொன்றாள். அவள் கொலையாளியா, தப்பியோடிய உடைமையா என்று நீதிமன்றத்தில் வழக்காடினார்கள். 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி அவள் திருப்பி அனுப்பப்பட்டாள். கொலைக்காக விசாரித்திருந்தால் அவளை மனுஷியாக ஒப்புக்கொண்டதாகியிருக்கும். அந்த மறுப்பிலிருந்துதான் டோனி மாரிசன் 1987இல் 'பிலவ்ட்' நாவலை எழுதினார்; 1998இல் ஜோனதன் டெம்மி அதைத் திரைப்படமாக்கினார். கொல்லப்பட்ட மகள் இளம்பெண்ணாகத் திரும்பி வருகிறாள். இங்கே கொன்றவள் தாய்தான். ஆயினும் அந்தக் கையைக் கத்திக்குக் கொண்டுபோனது எது என்ற கேள்வியை மகளின் ஆவி வீட்டு நடுவில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது.

நல்ல பேய்க்கதை ஆவியை அடக்கிக் காட்டுவதில்லை. புஸ்தமாந்தேயின் தளபதி இறந்தபின், இறுதிச்சடங்குக்கு வந்த இன்னொரு ராணுவ அதிகாரிக்கும் அதே அழுகுரல் கேட்கிறது. கணக்கு ஒருவரோடு தீரவில்லை என்கிறது படம்.

ஆனால் ஆவியின் பழிவாங்கலை நீதியென்று நாம் எண்ணிவிடலாகாது. செபூர் சார்கோ என்ற ராணுவ முகாமில் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட கெக்சி மாயாப் பெண்கள் 2016இல் துணியால் முகம் மூடி நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் ஒருவனுக்கு 120 ஆண்டும் இன்னொருவனுக்கு 240 ஆண்டும் சிறைத்தண்டனை வாங்கித் தந்தார்கள். அதைச் செய்தவர்கள் உயிரோடிருந்த முதிய பெண்கள். அவர்களுக்கு ஆவியின் துணை தேவைப்படவில்லை. கேட்கும் காது கொண்ட நீதிபதி ஒருவர் போதுமானதாக இருந்தது. அத்தகைய காது வாய்க்காத இடங்களில் மட்டுமே கதைக்குப் பேய் வேண்டியிருக்கிறது. புஸ்தமாந்தேயின் படத்தை நண்பர்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வதும் இதனாலேயே.