தானாக வரும் கணக்கு

இணையக் கடை நடத்தும் நம் வணிகர்கள், விற்பனை விவரம் தானாகவே அறிக்கையாக வரும்படி இணைத்துக்கொள்வது நல்லதே. இரவில் உட்கார்ந்து சிட்டை எழுதும் தொல்லை இல்லை. ஆனால் அதை அப்படியே பேரேடாக எண்ணிவிடக் கூடாது.

சென்ற தீபாவளிக்குப் பின் திரும்பி வந்த 40 டின் நெய்யை, என் அறிக்கை விற்றதாகவே காட்டியது. நம்பி மேலும் கொள்முதல் செய்துவிட்டேன். சரக்கோ கிடங்கில் தூங்கியது! ஆர்டர் தொகையைத்தான் அறிக்கை கூட்டுகிறது. கமிஷனும் கூரியர் கட்டணமும் போக வங்கியில் விழுவது வேறு.

பிறர் தளத்தில் விற்போருக்கு ஜி.எஸ்.டி.யில் டி.சி.எஸ். பிடித்தமும் உண்டு. 1 சதவீதமாக இருந்தது, 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். போர்ட்டலில் நாம் ஏற்றுக்கொண்டால்தான் அது நம் ரொக்கப் பேரேட்டில் வரவாகும். என் அறிக்கையில் இதற்கு இடமே இல்லை. வாரந்தோறும் வங்கி வரவையும் கிடங்கு இருப்பையும் அறிக்கையோடு நானே ஒத்துப் பார்க்கிறேன்.