சாடித் தோட்டத்தின் முதற் போகம்

காணியும் கிணறும் உள்ளவர்க்கே தோட்டம் உரியது என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. செம்மண் நிலத்திலே துலா மிதித்து இறைத்த பரம்பரையில் வந்தவர்கள், வெள்ளவத்தையிலே தொடர்மாடியின் நான்காம் தட்டிற் குடியேறியதும், தோட்டத்தை ஊரிலேயே விட்டுவந்துவிட்டதாகக் கருதுகின்றார்கள். அவர்களுடைய பல்கணியிலும் நாள்தோறும் வெயில் விழுகின்றது. சமையலறையிலே அரிசி கழுவிய நீர் வீணே ஓடுகின்றது. தோட்டத்துக்கு வேண்டியவற்றுட் பாதி வீட்டிலேயே இருக்கின்றது என்பதே உண்மை.

2022ஆம் ஆண்டு இவ்வுண்மையை நம் நாட்டவர்க்குக் கடுமையாகவே உணர்த்திற்று. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, அவ்வாண்டு செப்டம்பரில் உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டினும் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. வீட்டுத்தோட்டஞ் செய்தற்பொருட்டு அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறையும் அளிக்கப்பட்டது. வாளியென்றும் தகரமென்றும் கையிற் கிடைத்தவற்றிலெல்லாம் மண்ணை நிரப்பி விதை போட்டார்கள் பலர். அன்று வைத்த சாடிகளுள் எத்தனையோ இன்று மண் இறுகி, மாடிப்படியின் கீழே கிடப்பதைக் காண்கின்றோம். அவர்களிடம் ஊக்கம் குறைவாக இருந்ததா? இல்லை. சாடியைச் சிறியதொரு வயலென்று எண்ணியதே காரணம். இனித் தொடங்குவோரும், ஒருமுறை கைவிட்டு மீண்டும் தொடங்குவோரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, சாடி வயலன்று என்பதே.

நிலத்திலே நிற்கும் செடி நீர் குறைந்தால் வேரை ஆழ இறக்கும்; உணவு குறைந்தால் பக்கத்தே பரப்பும். நாம் இரண்டு நாள் மறந்தாலும் பூமி மறப்பதில்லை. சாடியிலுள்ள செடிக்கோ போக்கிடம் இல்லை. நாம் கொடுத்த மண்ணே அதன் உலகம். நாம் வார்த்த நீரே அதன் மழை. ஆகையால், முதற் போகத்திலே இருபது சாடி வைத்து வாடவிடுவதினும், ஆறு சாடி வைத்து நாள்தோறும் கவனிப்பதே உசிதமாகும்.

சாடிக்கு அழகு முக்கியமன்று. அடியிலே துவாரம் இருத்தலே முக்கியம். நீர் வடியாத மண்ணிலே காற்று இராது. காற்றின்றி வேர் அழுகும். வர்ணப்பூச்சு வந்த வாளியாயினும், பால்மாத் தகரமாயினும், நன்கு கழுவி, அடியில் நாலைந்து துவாரம் இட்டுக் கொள்ளலாம். கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும். பாத்திரம் அகலமாக இருக்கட்டும். மிளகாய்க்கு 10 லீற்றர் வாளி வேண்டும். கத்தரிக்கும் வெண்டிக்கும் 15 முதல் 20 லீற்றர் வரை கொள்ளும் பாத்திரம் நல்லது. ஈர மண் நிறைந்த 20 லீற்றர் வாளி 25 கிலோவுக்கு மேலும் நிறுக்கும் ஆகையால், பல்கணியில் அவற்றை ஒரே மூலையிற் குவித்து வைத்தல் ஆகாது.

நிலத்து மண்ணை மாத்திரம் இட்டால் அது சில வாரங்களில் இறுகிவிடும். மேல்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தென்னந் தும்புத் தூள் ஒரு பங்கு என்ற கலவை தொடங்குவோர்க்கு ஏற்றது. தும்புத் தூளிலே உப்பு இருத்தல் கூடும். இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்தபின் சேர்க்க. பச்சைச் சாணத்தை அப்படியே இடலாகாது. அது செடியின் வேரைக் கருக்கிவிடும்.

விதை வாங்குமுன் ஒரு விடுமுறை நாளிலே, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரம் வெயில் உள்ள இடம் காய்களுக்கு உரியது. 4 மணி நேரமே உள்ள இடத்திலே கீரையும் புதினாவும் வளரும். வெயிலே எட்டாத இடத்தில் வெண்டி விதைத்துவிட்டு விதைக் கடைக்காரரைக் குறை கூறுவதாற் பயனில்லை.

எதை முதலில் விதைப்பது? பெரும்பாலோர் தக்காளியையும் கரட்டையுமே நாடுகின்றார்கள். கரட் மலைநாட்டுக் குளிரிலே செழிப்பது. தக்காளியோ, இரவின் வெப்பம் 24 பாகைக்கு மேல் நிற்குமாயின், பூத்துப் பூத்து உதிரும் இயல்பினது. கொழும்பு இரவுகள் பெரும்பாலும் அத்தகையன. முதன்முறையே அரிய பயிரை நாடி மனமுடைந்து போவதைவிட, எளிதாக வருவதைக் கொண்டு கையைப் பழக்குதல் நலம்.

பெருமழை ஓய்ந்து, வெயிலும் மிதமாய் இருக்கும் தை மாதமே தொடங்குதற்கு இனிய காலம். பொங்கல் முடிந்த வாரத்திலே அகன்ற பாத்திரம் ஒன்றில் முளைக்கீரையைத் தூவி, மேலே மெல்லிய மண் தூவுக. நாலைந்து நாளில் முளைக்கும்; 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டாம் பாத்திரத்திலும் மூன்றாம் பாத்திரத்திலும் விதைத்தால், பின்னர் பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக் கீரைக்கறி உண்டு. பசளியின் தண்டும் பொன்னாங்காணியின் தண்டும் சந்தையில் வாங்கிய பிடியிலிருந்தே கிடைக்கும். இலையை ஆய்ந்தபின் தண்டை எறியாது நட்டுவிட்டாற் போதும்.

அதே வாரத்தில் மிளகாய் விதையைச் சிறு தகரத்தில் இடுக. ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். நாலைந்து வாரத்தில், மாலை வேளையிலே, வாளிக்கு ஒன்றாகப் பெயர்த்து நடுக. முதற் காய் சித்திரைக்கு முன் வருவது அரிது. வெண்டியை நேரே வாளியில் விதைக்கலாம். 50 நாளளவிற் காய்க்கத் தொடங்கும். பூ விரிந்த ஐந்தாறு நாளில் பறிக்காவிடில் நாராகிவிடும். கீரை ஒரு மாதத்தில், வெண்டி இரண்டு மாதத்தில், மிளகாய் மூன்று மாதத்தில் என, ஒன்று ஓயுமுன் மற்றொன்று கைகொடுக்கும். இவ்வரிசையே முதற் போகத்தின் உயிர்நாடி. காத்திருப்பவர்க்கு இடையிடையே ஏதேனும் கிடைத்தால் ஊக்கம் குன்றாது.

மூலிகைகளும் வாசனை இலைகளும் சாடிக்கென்றே அமைந்தவை போலும். புதினாவின் தண்டு ஒரு குவளை நீரிலே வேர் விடும். கற்பூரவள்ளியின் சிறு கொப்பு எம்மண்ணிலும் பிடிக்கும். வல்லாரைக்கு அரைநிழலும் ஈரமும் போதும். ரம்பையைக் கன்று பிரித்து நடலாம். கொத்தமல்லி வெப்பத்தில் விரைந்து பூத்துவிடும் ஆதலின், தை மாசியிலேயே சிறிது சிறிதாக விதைத்து இளமையிற் பறிக்க வேண்டும். மாணவர்கள் கொத்தமல்லி விதை ஒன்றை மெல்ல உருட்டி உடைத்துப் பார்க்கட்டும். நாம் ஒன்றென எண்ணுவது இரண்டு விதைகளின் சேர்க்கை என்பது விளங்கும்.

காய்ச் சாடிகளின் நடுவே பூச்சாடி இரண்டேனும் இருத்தல் வேண்டும். பத்துமணிப் பூ ஆழமில்லாத பாத்திரத்திலும், கடும் வெயிலிலும் சிரிக்கும். நித்தியகல்யாணி பூசைத் தட்டுக்கு உதவும். பூவை நாடி வரும் தேனீக்கள் காய்ச் செடிகளையும் ஒருமுறை பார்த்துப் போகும். பாகலும் பூசணியும் வைப்போர் இன்னொன்றும் அறிதல் நன்று. இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ எட்டாத உயர்ந்த மாடியிலே, காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியிலே சிறு பிஞ்சுடன் நிற்கும் பெண் பூவின் நடுவில் நாமே தடவிவிட வேண்டும். மிளகாய், கத்தரி, வெண்டி ஆகியவற்றுக்கு இந்தப் பிரயாசை தேவையில்லை.

நீர் வார்ப்பதற்கு மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், விரலை நம்புக. விரலின் இரண்டாங் கணு வரை மண்ணுட் செலுத்திப் பார்த்து, அங்கும் உலர்ந்திருந்தால் அடித்துவாரத்தில் வடியும்வரை வார்க்க, ஈரமிருந்தால் விட்டுவிடுக. பங்குனி, சித்திரை வெயிலிலே காலையும் மாலையும் வேண்டியிருக்கலாம். காய்ந்த இலைகளை மண்மீது பரப்பினால் ஈரம் காக்கும். வடியும் நீரோடு சத்தும் போய்விடுமாதலால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிடியளவு கூட்டெரு இடல் வேண்டும். அடியிலைகள் முதலில் மஞ்சளாதல் பெரும்பாலும் பசியின் அடையாளம். மண் ஈரமாயிருந்தும் செடி வாடுதல் வேர் அழுகலின் அடையாளமாதல் கூடும். பின்னதற்கு மேலும் நீர் வார்ப்பது கொல்வதற்குச் சமம்.

மிளகாயின் இளவிலை சுருண்டால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சாறுண்ணும் நுண்ணிய பூச்சிகள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். ஒரு லீற்றர் நீரிலே ஒரு தேக்கரண்டி மென்மையான சவர்க்காரக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் கீழே படுமாறு தெளிக்கலாம். மிகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி அகற்றுக.

எல்லாவற்றினும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டில் இலங்கையிலே 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அதனைப் பரப்பும் நுளம்பு, சாடியின் கீழ்த் தட்டிலே தேங்கிய சிறிதளவு நீரிலும் முட்டையிடும்; அது முட்டையிலிருந்து பறக்கும் பருவம் எய்த ஒரு வாரமளவே போதும். கீழ்த் தட்டில்லாமல் சாடியைச் செங்கல்மீது வைப்பதே சிறந்தது. தட்டு வேண்டுமாயின் அதனை மணலால் நிரப்புக. அன்றி, வாரம் இருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுக. கறிக்குக் கீரை தேடி வீட்டுக்கு நோய் தேடலாகாது. இப்பணியைப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டால் அவர்கள் பெருமையுடன் செய்வர். பெரியவர் ஒருவர் மேற்பார்வை செய்க.

ஆறு சாடியால் சந்தைப் பை குறையுமா என்று சிலர் கேட்பர். வெங்காயமும் கிழங்கும் குறையமாட்டா. குறைவன வேறு: இரண்டு இலைக்காக ஒரு கட்டு வாங்கி எஞ்சியதை அழுகவிடும் புதினா, கறி அடுப்பில் இருக்கையில் கடைக்கு ஆளனுப்பும் பச்சை மிளகாய், மாலையிற் பொலிவிழந்து கிடக்கும் கீரை. இன்னொரு முறை விலை ஏறுமாயின், நேற்றுத் தொடங்கியவரினும் நான்கு மாதம் பழகிய கை வெகுதூரம் முன்னே நிற்கும். 2022இல் நமக்கு இல்லாதிருந்தது விதையன்று, இந்தப் பழக்கமே.

ஒரு கொப்பியிலே விதைத்த நாள், முளைத்த நாள், பறித்த நாள், பட்டுப்போன செடி, அதன் அறிகுறி ஆகியவற்றை மாணவர்கள் எழுதி வரட்டும். உங்கள் பல்கணியின் வெயிலையும் காற்றையும் பற்றி எந்த நூலும் சொல்லாததை அக்கொப்பி சொல்லும். சித்திரையிலே அதனைப் புரட்டிப் பார்த்து, நன்றாக வந்த மூன்றை மீண்டும் வைத்து, வராததற்குப் பதிலாகப் புதிதாய் ஒன்றை மாத்திரம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் போகத்துக்கு அதுவே போதும்.