கொல்லிமலை மேல் எழும் நிலா



சித்ரா பௌர்ணமி நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். இந்த முறை கேட்டிருப்பவர் சேந்தமங்கலத்து வாசகர். கொல்லிமலைக்கு மேலே எழும்போது தாம்பாளம் போல் இருக்கிற நிலா, இரவுச் சாப்பாடு முடித்து வாசலுக்கு வந்து பார்த்தால் சுருங்கிவிடுகிறதே, ஏன்?

நிலா சுருங்குவதில்லை. எழும்போதும் சரி, உச்சியிலும் சரி, அதன் வட்டம் வானத்தில் அடைப்பது ஏறக்குறைய அரை டிகிரிதான். சொல்லப்போனால் எழும் நிலாதான் ஒரு மயிரிழை சிறியது. சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலா, உச்சிக்கு வரும்போது பூமியின் ஆரத்தளவு, அதாவது சுமார் 6,400 கிலோமீட்டர், நமக்குக் கிட்டே வந்துவிடுகிறது.

காற்றுதான் பூதக்கண்ணாடியாக வேலை செய்கிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காற்று நிலாவைச் சிவக்க வைக்கும். அடிவானத்தில் மேலும் கீழுமாகக் கொஞ்சம் அமுக்கும். பெரிதாக்காது. மலையடிவாரத்து ஊர்களே இதற்குச் சாட்சி. அங்கே மலை மறைப்பதால், பஞ்சாங்கம் சொல்லும் உதய நேரம் கடந்த பிறகுதான் நிலா கண்ணில் படும். அதற்குள் அது வானில் சில டிகிரி ஏறியிருக்கும். அப்படியும் பெரிதாகத்தானே தெரிகிறது?

பெரிதாக்குவது நம் மனம். இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் எழுதிவிட்டார். வயல், தென்னை, மலை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும் கண்ணுக்கு, அவற்றுக்கும் அப்பால் நிற்கும் நிலா வெகுதூரத்தில் இருப்பதாகப் படுகிறது. அவ்வளவு தூரத்தில் இருந்தும் இந்த அளவு தெரிகிறதென்றால் பெரிய பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. 1962-இல் காஃப்மன், ராக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சோதனைகள் செய்து இதற்கு வலுச் சேர்த்தார்கள். ஆனாலும் விவாதம் ஓயவில்லை. எழும் நிலா எப்படித் தெரிகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் "கிட்டத்தில் தெரிகிறது" என்றல்லவா சொல்கிறார்கள்! இவ்வளவு பழைய கேள்விக்கு இன்னும் முடிவான விடை இல்லை என்பது எனக்கு நிலாவைவிடப் பெரிய அதிசயம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு துவரம்பருப்பை விரல் நுனியில் பிடித்து, கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழும் நிலாவின் மேல் வையுங்கள். அந்தத் தாம்பாளத்தைப் பருப்பே ஏறக்குறைய மறைத்துவிடும். இரவு பத்து மணிக்கு அதே பருப்பு, அதே கை, அளவு மாறியிருக்காது. பிறகு இந்த இதழையே குழாயாகச் சுருட்டி, மலையும் மரமும் தெரியாதபடி நிலாவை மட்டும் பாருங்கள். பலருக்கு அது உடனே சிறுத்துவிடும். குழாயை எடுத்தால் மறுபடி பெரிதாகும், காரணம் தெரிந்த பிறகும்கூட.

குழந்தைகளையும் உடன் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நாமக்கல் கோட்டையிலிருந்தும் சேலத்து மொட்டை மாடிகளிலிருந்தும் காவிரிக்கரையிலிருந்தும் பார்த்தவர்கள், கண்டதை எழுதி அனுப்புங்கள். மலை தெரியும் ஊருக்கும் வெட்டவெளிக்கும் வித்தியாசம் இருந்ததா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்