வலி போனால் போதுமா?

மகளோ பிள்ளையோ மைதானத்தில் ஓடுகிற வீடா உங்களுடையது? அல்லது நாற்பதைத் தாண்டிய வீட்டுக்காரருக்கு ஓட்டத்தில் ஆசை வந்திருக்கிறதா? அப்படியானால், "குதிகாலுக்குப் பின்னால வலிக்குது" என்ற புகார் ஒரு நாள் உங்கள் காதில் விழலாம்.

ஆடுசதையையும் குதிகால் எலும்பையும் இணைக்கிற கனமான நாண் ஒன்று அங்கே இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் கயிறு மாதிரி தட்டுப்படும். உடம்பிலுள்ள நாண்களிலேயே தடிமனானது இதுதான். துரியோதனனுக்குத் தொடை மாதிரி, கிரேக்கக் கதையில் அக்கிலீஸ் என்ற வீரனுக்குக் குதிகால். குழந்தையை ஆற்றில் முக்கிய தாய், குதிகாலைப் பிடித்திருந்தாளாம். கை பட்ட இடத்துக்கு மட்டும் காப்பு இல்லை! அவன் பெயரில்தான் இதை 'அக்கிலீஸ் நாண்' என்கிறார்கள்.

ஓடும்போது இது ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. கால் தரையில் பட்டதும் இழுபட்டு, உடனே சுருங்கி நம்மை உந்தித் தள்ளுகிறது. ஓடுகிற ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு பாரம் இதன்மேல் விழுகிறது. ஓட்டத்தைத் திடீரென்று கூட்டினால் நாண் ஈடுகொடுக்காது. தடித்துப்போகும். காலையில் எழுந்ததும் விறைப்பாக இருக்கும்.

நாம் என்ன செய்வோம்? தைலம் தேய்த்து, "பத்து நாள் ஓடாதே" என்போம். வலி அடங்கும். "சரியாப் போச்சும்மா" என்று பிள்ளை மறுபடி ஓடும். கொஞ்ச நாளில் பழையபடி வலி! ஓய்வில் வலி அடங்கியதே தவிர, ஸ்பிரிங்குக்குப் பலம் வரவில்லை.

ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். இந்த நோயாளிகளைக் குதிக்கச் சொல்லியும் குதிகாலை உயர்த்தச் சொல்லியும் அளந்தார்கள். வலி அறவே நீங்கியவர்கள் 16 பேர். அவர்களில் 4 பேருக்குத்தான் காலின் பலம் முழுசாகத் திரும்பியிருந்தது. 2007-ல் வெளியான முடிவு இது.

வீட்டிலேயே நாமும் பார்க்கலாம். சுவரை லேசாகத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழுக்க உயர்த்தி இறக்கச் சொல்லுங்கள். எண்ணுங்கள். அடுத்து மற்றக் கால். நல்ல கால் இருபது தடவை எழும்பி, நொந்த கால் பத்தில் தளர்ந்தால் குறை இன்னும் இருக்கிறது. வலி இல்லாதவர்கள் ஒற்றைக் காலில் நொண்டியடித்தும் பார்க்கலாம். குறையுள்ள கால் துள்ளாது, தொப்பென்று விழும்.

இதற்கு மருந்து மாடிப்படியில் இருக்கிறது! அதே ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற டாக்டருக்கே இந்த வலி இருந்தது. ஆபரேஷன் செய்ய மேலதிகாரி மறுத்தார். வலியை அதிகமாக்கினால் செய்துதானே ஆகவேண்டும் என்று காலை வதைத்தார். வலி போய்விட்டது! பிறகு 15 பேருக்கு அதையே கொடுத்தார். 12 வாரத்தில் 15 பேரும் மறுபடி ஓடினார்கள். 1998-ல் இதை வெளியிட்டார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்பாதம் மட்டும் படி விளிம்பில் இருக்க நில்லுங்கள். இரண்டு காலாலும் எழும்பி, நொந்த காலில் மட்டும் நின்று, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று முறை, சற்று மடக்கி அதே போல மூன்று முறை. காலையும் மாலையும், 12 வாரம். எலும்போடு நாண் ஒட்டுகிற இடத்திலேயே வலி என்றால் படி வேண்டாம், சமதரையில் செய்யட்டும். பயிற்சியில் ஓரளவு வலி வரலாம். மறுநாள் காலைக்குள் அடங்கவேண்டும், அதுதான் கணக்கு.

ஒரு ஜாக்கிரதை: பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி 'படக்'கென்று வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். தைலத்தைத் தேடாமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இனி பிள்ளையிடம், "வலி இருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "ஒத்தைக் காலில எத்தனை தடவை எழும்ப முடியுது?" என்றும் கேளுங்கள்.