கைபடாத வித்தை யாருக்கு?

நம் நாட்டில் வித்தை என்றால் வாயால் ஓதுவது என்றும், கையால் செய்வதெல்லாம் இழிதொழில் என்றும் நெடுங்காலமாகச் சொல்லிவைத்து விட்டார்கள். ஓதுகிறவன் கருவியைத் தொடமாட்டான். கருவியைத் தொட்டு உழைக்கிறவனை ஏட்டைத் தொட விடமாட்டார்கள். இந்த ஏற்பாட்டின் பலன் என்னவென்றால், யந்திரங்களையெல்லாம் பிற நாட்டார் செய்ய, நாம் அவற்றிற்கு ஆயுத பூஜையன்று சந்தனம் பூசிப் பொரிகடலை படைத்துக் கொண்டிருக்கிறோம். கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கிறார்கள். அதற்குள் என்ன நடக்கிறதென்று பொட்டு வைத்தவரைக் கேட்டால், "அதெல்லாம் நமக்கெதற்கு?" என்கிறார்.

இப்போது "செயற்கை அறிவு" என்பதாக ஒரு புது அற்புதம் வந்திருப்பதாகப் பேசுகிறார்கள். அதில் அற்புதம் ஒன்றுமில்லை. பெருக்கலும் கூட்டலுமான கணக்குகளை வினாடிக்குக் கோடி கோடியாகப் போடுவதுதான் அதன் அடிப்படை. அப்படிப் போடுவது ஜி.பி.யு. என்னும் அட்டை. விளையாட்டுகளில் படம் காட்டுவதற்கென்று செய்யப்பட்ட அந்த அட்டைக்கு, மற்றக் கணக்குகளுக்கும் எளிதாகப் புரோகிராம் எழுதும் "குடா" என்ற முறையை என்விடியா கம்பெனி 2007-ல் வெளியிட்டது. 2012-ல் டொராண்டோ சர்வகலாசாலை மாணவர் இருவரும் அவர்களுடைய ஆசிரியரும், கடையில் விற்கும் இரண்டே விளையாட்டு அட்டைகளை வைத்துக்கொண்டு, படங்களை இனங்காணும் உலகப் போட்டியில் வென்றார்கள். அவர்கள் தவம் செய்து வரம் வாங்கியவர்களல்லர். அட்டை கையில் இருந்தது, சோதித்துப் பார்த்தார்கள்.

இது வண்ணாரப்பேட்டைக்காரருக்குப் புரியாத சங்கதியல்ல. கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்போர் குடியிருந்து பெயர் பெற்ற ஊர் இது. ஒரு தேர்ந்த ஆள் ஆயிரம் துணியை ஒன்றன்பின் ஒன்றாக வெளுப்பது பழைய கம்ப்யூட்டரின் முறை. ஆயிரம் பேர் வரிசையாக நின்று ஆளுக்கொரு துணியை ஒரே சமயத்தில் வெளுப்பது ஜி.பி.யு.வின் முறை. ஆனால் மூட்டைகளைத் துறைக்குக் கொண்டுவருவது ஒற்றை மாட்டு வண்டியானால், ஆயிரம் பேரும் கைகட்டி நிற்கவேண்டியதுதான். அட்டைக்குக் கணக்கு வந்துசேரும் வழியும் இப்படித்தான் அடைத்துக்கொள்ளும். மேலும், என்விடியா அட்டையில் 32 பேர் ஒரு கூட்டமாக ஒரே கட்டளைக்கு அசைவார்கள். பாதிப் பேருக்கு ஒரு வேலையும் மீதிப் பேருக்கு வேறு வேலையும் கொடுத்தால், ஒரு பாதி உழைக்கும்போது மறு பாதி சும்மா நிற்கும். இருவர் ஒரே சமயத்தில் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதினால் மொத்தம் தப்பாய் முடியும்.

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடலாம். ஆனால் வேலைக்கு ஆகாது. தானே புரோகிராம் எழுதி, ஓடவிட்டு, எத்தனை வினாடி ஆயிற்றென்று அளந்து, ஏன் தாமதமென்று தேடி, திருத்தி எழுதி, மறுபடியும் அளந்தால்தான் வித்தை கைக்கு வரும். குரு சொன்னார் என்றோ, கம்பெனி விளம்பரம் சொல்லிற்று என்றோ நம்பாமல் அளந்து பார்ப்பதற்கே பகுத்தறிவு என்று பெயர்.

அப்படியானால் அளந்து பார்க்கும் வசதி யாருக்குக் கிடைக்கிறது? தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் மதராஸ், காரக்பூர், கோவா, பாலக்காடு ஆகிய ஐ.ஐ.டி.க்களில் பயிற்சி நடுவங்கள் வைத்திருக்கிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் 2022-ல் "பரம் பொருள்" என்ற பெரிய யந்திரத்தைத் திறந்தார்கள். இவை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டையில் 2019 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது; ஏறினால் மாறாமல் கிண்டிக்குப் போய் இறங்கலாம். ஆனால் ஐ.ஐ.டி.யின் வாசலுக்கும் ராயபுரத்துச் சுமைதூக்கியின் மகளுக்கும் இடையே உள்ள தூரத்தை எந்த ரயில் கடக்கும்? அவள் எப்படியோ பட்டம் வாங்கிப் புரோகிராம் எழுதும் உத்தியோகத்திலும் சேர்ந்துவிடுகிறாள். அடுத்த படிக்கு இந்த வித்தை வேண்டும் என்கிறார்கள். அட்டையின் விலையோ அவள் வீட்டு வருமானத்திற்கு எட்டாது. இலவசப் பாடங்கள் இருக்கின்றன. அவை இங்கிலீஷில் இருக்கின்றன. கேட்கத்தான் முடியும், தொட முடியாது. கடைசியில் "உங்களுக்குத் தகுதி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். கருவியைக் கண்ணில் காட்டாமல் திறமையை அளப்பது எந்த ஊர் நியாயம்?

செலவைச் சொல்லி மறுப்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லும். மத்திய சர்க்கார் 2024 மார்ச்சில் இந்தியா ஏ.ஐ. மிஷன் என்று 10,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்தை ஒப்புக்கொண்டது. அதன்மூலம் ஜி.பி.யு.வைத் தூரத்திலிருந்தே மணிக்குச் சுமார் 65 ரூபாய் சலுகை வாடகைக்குப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார்கள். அப்படியானால் 30 பேர் ஆளுக்கு ஒரு அட்டையென்று மாலையில் 2 மணி நேரம் பழகுவதற்கு வாடகை 3,900 ரூபாய். வேண்டியது ஒரு கூடம், சாதாரணக் கம்ப்யூட்டர்கள், நல்ல இன்டர்நெட், தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர். திருவிழாவில் ஓர் இரவு வாணவேடிக்கைக்குக் கரியாக்கும் பணத்தில் இது பல நாட்களுக்கு நடக்கும்.

"குடிதண்ணீருக்கும் சாக்கடைக்கும் வழியில்லாத ஊருக்கு இது எதற்கு?" என்றும் சிலர் கேட்பார்கள். தண்ணீரும் வேண்டும், வித்தையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது பழைய தந்திரம்.

வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை மாகாண சர்க்கார் 2024-ல் தொடங்கியது. அதில் கட்டடத்திற்கு இடமிருக்கும்போது இந்தக் கூடத்திற்கும் இடம் இருக்கவேண்டும். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரால் 1950 முதல் கல்லூரி நடக்கும் இதே வண்ணாரப்பேட்டையில் அதை வைப்பது மிகப் பொருத்தம். வேலைக்குப் போகிறவர்களுக்காக அது மாலையில் நடக்கவேண்டும். சரிபாதி இடம் பெண்களுக்கு வேண்டும்.

வாலிபர்களே! சர்க்கார் தானாகக் கொடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்தை வாடகைக்கு எடுத்தாலும் ஆளுக்கு ஏழு ரூபாய்க்கு மேல் ஆகாது. எடுத்து, எழுதி, அளந்து பாருங்கள். பிறகு கூட்டம் போட்டு, இந்தக் கூடத்தை உரிமையாகக் கேளுங்கள். வரப்போகும் ஆயுத பூஜையில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்க நேரமிருந்தால், அந்த நேரத்தில் அதைத் திறந்து பார்ப்பதே மானமுள்ள மனிதனுக்கு அழகு.