பையன் மூத்திரமும் மலைப்படியும்

கனகம்மாசத்திரத்துப் பக்கம் ஆண் குழந்தை சொட்டுச் சொட்டாய் மூத்திரம் விட்டாலும், ஏழெட்டு வயதுப் பையன் முக்கி முக்கிப் பெய்தாலும், "சூடு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கின்றார்கள். அரைஞாணில் தாயத்துக் கட்டுகின்றார்கள். பிறகு திருத்தணி மலையின் 365 படியும் ஏற்றுகின்றார்கள். பாயை நனைத்தால் உதையும் உண்டு. ஆனால் பிள்ளையின் மூத்திரத் தாரையைக் கூர்ந்து பார்த்த தகப்பன்மார் எத்தனை பேர்?

தோழர்களே! சில ஆண் குழந்தைகளுக்குக் கருவிலேயே மூத்திரக் குழாய்க்குள் மெல்லிய சவ்வு மடிப்பு உண்டாகி வழியை அடைக்கின்றது. 1919-லேயே அமெரிக்காவில் ஹியூ யங் என்னும் டாக்டர் தம் கூட்டாளிகளோடு இதை விவரித்து வகைப்படுத்தியிருக்கின்றார். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளேயோ மூத்திரப்பை தடித்து, நீர் தேங்கிப் பின்னோக்கி அழுத்தி, சிறுநீரகங்கள் (குண்டிக்காய்கள்) மெல்லக் கெடும். அடிக்கடி காய்ச்சல் வரும், வளர்த்தி குன்றும். அந்தச் சவ்வை வைத்தவர் கடவுளேயானால், அதை எடுக்கச் சொல்லி அவரிடமே மொட்டை நேர்வதில் என்ன நியாயமிருக்கின்றது?

ஸ்கேனும், மூத்திரப்பையில் மருந்தேற்றிப் பெய்யவிட்டுப் பிடிக்கும் எக்ஸ்ரேயும் இதைக் காட்டிக் கொடுக்கும். வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே கருவி விட்டுச் சவ்வை அறுக்கின்றார்கள். ஆனால் முன்பே கெட்டுப்போன சிறுநீரகம் பழையபடி ஆகாது. தாயத்துக் கட்டிக் காத்திருந்த மாதங்களுக்கு அதுதான் கூலி.

எல்லாப் பையனுக்கும் சவ்வுதான் என்று நாம் சொல்ல வரவில்லை. குடலில் இறுகிய மலம் மூத்திரப்பையை அழுத்துவதாலும் பாய் நனையும்; மலச்சிக்கலுக்கு உதையா வைத்தியம்? தாகமும் இளைப்புமாய் ஓயாமல் பெய்கின்ற பிள்ளைக்கு நீரிழிவாயிருக்கலாம்; அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயில் ஓடுகின்றது. எழும்பூரில் சர்க்கார் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கின்றது.